எல்லாமே காணாக்கடி இல்லை: பூச்சிக்கடியில் நாம் செய்யும் தவறுகள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் 18 வருடமாக நிற்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பலர் மருத்துவர் சீட்டை நீட்ட மாட்டார்கள், கையை நீட்டுவார்கள். “ணா, ஏதோ கடிச்சிருக்கு. ஒரு ஆயின்மென்ட் குடுங்க.” என்ன கடித்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “தெரியலணா, காணாக்கடி.”

காணாக்கடி அழகான சொல். ஆனால் அதைச் சொன்னவுடன் விசாரணை நின்றுவிடுகிறது. கொசுவும் காணாக்கடி, மூட்டைப்பூச்சியும் காணாக்கடி, சிரங்கும் காணாக்கடி, படர்தாமரைகூடக் காணாக்கடி. எல்லாவற்றுக்கும் அதே வெற்றிலை மிளகு, இல்லாவிட்டால் அதே டியூப். பூச்சி கொடுத்த தொல்லையைவிட, அதன் மேல் நாம் தடவியது கொடுத்த தொல்லையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் காணாக்கடியையே எடுத்துக்கொள்வோம். உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து, கடுமையாக அரித்து, சில மணிநேரத்தில் கையில் மறைந்து தொடையில் எழுகிறது என்றால், அது பெரும்பாலும் கடியே இல்லை. ஒவ்வாமைத் தடிப்பு. இறால், நண்டு சாப்பிட்டிருக்கலாம். புதிதாக ஒரு மாத்திரை போட்டிருக்கலாம். குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலோடும் வரும். ஒரு பேனாவால் தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அந்தக் கோட்டுக்குள் ஒன்றுமில்லாமல் வேறிடத்தில் புதிதாக எழுந்திருந்தால், பூச்சியைத் தேட வேண்டாம். பூச்சிக்கடி இடம் மாறாது.

எதையும் தடவுவதற்கு முன் மூன்று கேள்விகளை நான் கேட்பேன். உடம்பில் எங்கே? எந்த நேரத்தில்? வீட்டில் வேறு யாருக்கு?

கொசுதான், ஆனாலும்

கடித்த சில நிமிடத்தில் எழும் தனித்தனி வீக்கம், கணுக்காலிலும் முழங்கையிலும் என்றால் கொசு. இதில் ஒரு தவறு மட்டும் சொல்கிறேன். குழந்தைக்குக் கொசுக்கடி பெரிதாக வீங்கினால் உடனே சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். கடித்த சில மணிநேரத்தில் வரும் வீக்கம், அரிப்பு அதிகமாகவும் வலி குறைவாகவும் இருந்தால், அது ஒவ்வாமை. கிருமி சேர்ந்த வீக்கம் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். அப்போது அரிப்பு குறைந்து வலி ஏறும், தொட்டால் சுடும், சிவப்பு நாளுக்கு நாள் பரவும். அதற்குத்தான் மருத்துவர் வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பகலில் கடிப்பது வெள்ளை வரி போட்ட ஏடிஸ், டெங்குவைச் சுமப்பது. நம் பக்கத்தில் லாரித் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் வைக்காத வீடு குறைவு. டிரம்மைக் கவிழ்த்து, திரும்ப நிரப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்தக் கொசுவின் முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒரு முறை நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

“எனக்கு ஒன்னும் கடிக்கலையே”

மூட்டைப்பூச்சி விஷயத்தில் வீட்டுக்குள் சண்டையே இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். ஒரே பாயில் படுத்த இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கும், இன்னொருவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. இருவரையுமே கடித்திருக்கும். சிலருடைய தோல் அதற்கு எதிர்வினை காட்டுவதில்லை, சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் காட்டும். அதனால்தான் போன வாரம் ரயிலில் கடித்ததை நேற்று ராத்திரி கொசு என்று நினைத்துக்கொள்கிறோம்.

துணி மூடாத கை, தோள், கழுத்தில் வரிசையாகவோ கொத்தாகவோ மூன்று நான்கு தடிப்பு, அதுவும் காலையில் எழும்போது என்றால் தோலைப் பார்த்தது போதும், படுக்கையைப் பாருங்கள். மெத்தையின் தையல் ஓரம், கட்டில் கால் பூட்டு, சுவிட்ச் போர்டின் பின்பக்கம் கருமிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளிகள், போர்வையில் சின்னச் சின்ன ரத்தக் கறை. இவை இருந்தால் உறுதி.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் கேஸ் அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற வீட்டில் அது தீவிபத்துக்கு வழி. பாயை மாடியில் வெயிலில் போடுவதும் பாதி வேலைதான். மேல்பக்கம் சுட்டால் அது அடிப்பக்கம் நகர்ந்துவிடும். கட்டில் பூட்டுகளில் கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றினால் பூச்சியும் முட்டையும் சாகும். துணியைக் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைத்துத் துவையுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் பட்டினியில் செத்திருக்கும் என்பதும் நடக்காது, ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் உயிர் அது. ஹவுசிங் போர்டு குடியிருப்பு என்றால் பக்கத்து வீட்டோடு பேசி ஒரே வாரத்தில் மருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் தாண்டித் திரும்பி வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை. அது அழுக்கைத் தேடி வருவதில்லை, நம் மூச்சையும் சூட்டையும் தேடி வருகிறது. நோய் எதையும் அது பரப்புவதாகவும் தெரியவரவில்லை.

முழங்காலுக்குக் கீழே மட்டும் நடுவில் புள்ளியோடு கொத்துக் கொத்தாகக் கடி, வீட்டில் பூனையோ நாயோ உண்டு என்றால் தெள்ளுப்பூச்சி. காசிமேட்டுப் பக்கம் பூனை இல்லாத தெருவே இல்லை. நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்துப்போகும்.

சொறிகிறவருக்கு மட்டும் மருந்து

என்னை மிகவும் வருத்தும் தவறு இது. ஒரு அம்மா ஆறு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு மாதத்தில் மூன்று முறை வந்தார். பூச்சிக்கடி என்று மூன்று டியூப் தீர்ந்திருந்தது, எங்கெங்கோ வாங்கியது. ராத்திரியானால் பிள்ளை தூங்குவதில்லை என்றார். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் அதே குருணைகள். “வீட்ல வேற யாருக்கு அரிக்குதுக்கா?” என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் கையை நீட்டினார்.

சிரங்கு பூச்சிக்கடி இல்லை, தோலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு நுண்ணிய உண்ணி. முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே அரிக்காதவரிடமும் அது இருக்கும். பையனுக்கு மட்டும் தடவினால் அம்மாவிடமிருந்து திரும்ப ஏறும்.

மருத்துவர் உறுதி செய்து பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம் எழுதித் தந்தால், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் இல்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்தடி, அந்தரங்க இடம் எல்லாம். 8 முதல் 14 மணிநேரம் வைத்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப ஒரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர் சொல்கிறபடி மட்டும். அன்றைய துணி, போர்வையைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்தால் போதும். அதன் பிறகும் 2 வாரமோ 4 வாரமோ அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் தடவுவது அடுத்த தவறு.

அந்த மூன்று டியூப்பில் இருந்தது என்ன தெரியுமா? ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த கலவை. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், ஆள் மகிழ்ந்துபோவார், உள்ளே நோய் பரவிக்கொண்டிருக்கும். படர்தாமரை மேல் தடவினால் வட்டம் கலைந்து, அடையாளமே தெரியாமல் தொடை முழுக்கப் படரும். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும். ஆரம்ப வருடங்களில் கேட்டவர்களுக்கு நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை.

அக்கி என்று நினைத்தது

மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைச் சுற்றி வரும் பூச்சிகளில் ஒன்று, எறும்புபோல் நீண்டு, ஆரஞ்சும் கறுப்புமாக, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதைத் தூக்கத்தில் நசுக்கிவிட்டால் அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் இழுபடும். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தீக்காயம்போல் ஒரு கோடு, அதில் கொப்புளம். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் என்பார்கள், அக்கி என்பார்கள். முழங்கை மடிப்பில் பட்டால் மடித்த இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி இரண்டு புண் வரும். இது நல்ல அடையாளம். நசுக்கியது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டு அந்த இடத்தையும் கையையும் கழுவுங்கள். அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். அடுத்த முறை ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள்.

உண்மையான அக்கி வேறு. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும், கொப்புளத்துக்கு முன்பே ஓரிரு நாள் எரிச்சலும் குத்தலும் இருக்கும். கொசப்பேட்டைப் பக்கம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் தடுப்பதில்லை, அது தலைமுறை நம்பிக்கை. ஆனால் அக்கிக்கான வைரஸ் மருந்து 72 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எழுதுகிற அன்றே மருத்துவரையும் பாருங்கள். வயதானவர்களுக்கு நாள் தள்ளிப்போனால் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கலாம்.

சுண்ணாம்பு

தேனீ, குளவி, தேள், எது கொட்டினாலும் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு. அது தோலைச் சுடும் காரப்பொருள். குழந்தைத் தோலில் கொட்டிய வலியோடு வெந்த புண்ணும் சேரும். தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும், குளவி விடாது. கொடுக்கு தெரிந்தால் நகத்தாலோ அட்டையாலோ எதனாலோ உடனே எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். சோப்பு, தண்ணீர், துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்குக் காலமைன் லோஷன். பெரும்பாலான கடிக்கு இவ்வளவுதான் வைத்தியம். செவ்வெறும்பு கடித்து மறுநாள் வரும் வெள்ளைக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். பூரான் கடிக்குப் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் கால் மணிநேரம் வைத்தால் வலி இறங்கும். முருங்கைக் கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்கவே கூடாது, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் முடி வந்துவிடும்.

உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றுகிறது, வாந்தி என்றால் மாத்திரை தேட நேரமில்லை. 108.

தேளில் சிவப்புத் தேள் வேறு ரகம். மணலி, எண்ணூர்ப் பக்கம் செங்கல் அடுக்கிய வீடுகளில் கவனம் வேண்டும். கொட்டிய இடத்தில் வலி மட்டும் என்றால் பயமில்லை. குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால் இதயம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை இந்தக் கொட்டுக்கு உயிர் காக்கும் என்று காட்டினார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். மருந்து இருக்கிறது. ஆனால் அதை மருத்துவமனையில் கண்காணித்துத்தான் கொடுக்க வேண்டும். கயிறு கட்டி, பிளேடால் கீறி, மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்கக் கூடாது.

வலிக்காத கடி

நான் அதிகம் பயப்படுவது வலிக்காத கடிகளுக்கு. காய்ச்சல் ஐந்தாறு நாளாக விடவில்லை, டெங்கு இல்லை என்கிறார்கள் என்றால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதரில் இருக்கும் நுண்ணுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் அது. வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது, கூச்சப்பட்டு யாரும் காட்டவும் மாட்டார்கள். மருத்துவரிடம் அதைக் காட்டினால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் தணியும் நோய். காட்டாவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

இன்னொன்று பூச்சியே இல்லை. தரையில் படுத்து உறங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் பல் பட்ட தடம்கூடத் தெரியாது, எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்பார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு இமை தானாகக் கீழே விழும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். “ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சது, இப்ப வயிறு வலிக்குதுணா” என்று காலையில் வந்து ஜெலுசில் கேட்டால் நான் எடுத்துத் தருவதில்லை. முகத்தைப் பார்ப்பேன், கண்ணை அகலத் திறக்கச் சொல்வேன். இமை சரியாக ஏறவில்லை என்றால் கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவேன்.