போர்டுக்குக் காத்திராமல் லினக்ஸ் இமேஜைச் சோதிக்கும் முறை

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை செய்யும் கூடத்தில் ஆறு பேருக்கு இரண்டு போர்டுகள்தாம், அதாவது எங்கள் மென்பொருள் ஓடும் சிறு கணினிப் பலகைகள்தாம், இருக்கின்றன. அவற்றில் ஒன்று வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விட்டால், தும்கூர் சாலையிலிருந்து ஓசூர் சாலை வரையிலான நெரிசலைக் கடந்து அது திரும்பி வர அரைநாள் ஆகிவிடும். எஞ்சிய ஒரு போர்டுக்கு மற்றவர்கள் முறை வைத்துக் காத்திருப்பார்கள். ஓர் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றியவர்கூட இமேஜை, அதாவது போர்டில் ஓடவேண்டிய லினக்ஸ் முழுவதும் அடங்கிய கோப்பை, எஸ்டி கார்டில் எழுதி, போர்டில் செருகி, சீரியல் கம்பியை இணைத்து, பூட் ஆகி முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தச் சோதனைகளில் பாதிக்குமேல் போர்டே தேவைப்படாதவை என்பதை உணர எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு அந்தத் தாமதம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே தட்ட வேண்டும்.

போர்டு தேவைப்படாத சோதனைகளை எமுலேட்டரில், அதாவது வேறொரு கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில், செய்துவிடலாம். நாங்கள் பயன்படுத்தும் எமுலேட்டர் கியூஎமு. ஃபாப்ரிஸ் பெலார்ட் தொடங்கிய இந்தத் திட்டம் 2003இல் வெளிவந்தது. ஆர்ம் பிராசஸருக்காக உருவான கட்டளைகளை நம் மேசைக் கணினியின் பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக ஓடும்போதே மாற்றித் தருவதோடு, நினைவகம், சீரியல் முனை, கடிகாரம், வட்டு, நெட்வொர்க் ஆகியவற்றையும் அது மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகிறது. அது பல இயந்திர வகைகளை அறிந்தது; இவ்வேலைக்கு 64 பிட் ஆர்மில் நான் பரிந்துரைப்பது 'விர்ட்' வகையை. அது உலகில் உள்ள எந்தப் போர்டின் நகலும் அன்று. ஆகவே அதில் ஓடிய இமேஜ் உங்கள் போர்டிலும் ஓடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இமேஜில் வன்பொருளைச் சாராத பகுதி முழுவதையும், அதாவது சேவைகள் தொடங்கும் வரிசை, பயனர் உரிமைகள், நெட்வொர்க் அமைப்பு, அப்டேட் ஸ்கிரிப்ட், உங்கள் செயலி ஆகியவற்றை அதில் உறுதியாகச் சோதித்துவிடலாம். சோதனையைத் தொடங்குமுன் நீங்கள் கேட்கும் கேள்வி இந்தப் பகுதியைச் சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் கருவியான பில்ட்ரூட்டைப் பயன்படுத்துவோருக்கு 'கியூஎமு ஆர்ச்64 விர்ட்' என்னும் ஆயத்த அமைப்பு அதிலேயே உண்டு. கட்டும் கட்டளையான மேக் முடிந்ததும் அவுட்புட் கோப்புறைக்குள் உள்ள இமேஜஸ் கோப்புறையில் லினக்ஸின் மையமான கெர்னலும், மற்றக் கோப்புகளெல்லாம் அடங்கிய ரூட் ஃபைல்சிஸ்டமும், கியூஎமுவைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்ட்டும் கிடைக்கும். அதே வகைக் கருவியான யாக்டோவில் இதே வேலையை 'ரன்கியூஎமு' செய்கிறது. ஆனால் இந்த மாதிரி இமேஜ் ஓடுவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. வாடிக்கையாளருக்குப் போகவிருக்கும் அதே ரூட் ஃபைல்சிஸ்டத்தை ஒரு பைட்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டு, கெர்னலை மட்டும் அதே பதிப்பிலிருந்து, எமுலேட்டர் உருவாக்கிக் காட்டும் சாதனங்களுக்குரிய விர்ட்ஐஓ வட்டு, விர்ட்ஐஓ நெட்வொர்க், பிஎல்011 சீரியல் ஆகிய டிரைவர்களை உள்ளேயே சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது இயந்திர வகையாக 'விர்ட்' என்று கொடுத்ததும் பிராசஸரின் பெயரையும் மறக்காமல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விர்ட் வகை 32 பிட் கார்டெக்ஸ் ஏ15ஐ எடுத்துக்கொள்ளும். 64 பிட் கெர்னல் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திரையில் காட்டாமல் நின்றுவிடும். புதியவர்கள் மிக அதிகமாக மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கார்டெக்ஸ் ஏ53 என்று எழுதினால் போதும். நினைவகம் இயல்பாக 128 எம்பி மட்டுமே. உங்கள் போர்டில் 256 எம்பி இருந்தால் இங்கும் 256 என்றே கொடுங்கள். கணினியில் நிறைய இருக்கிறதே என்று 4 ஜிபி கொடுத்தால், நினைவகம் போதாமல் கெர்னல் உங்கள் செயலியைக் கொல்லும் பிழை வாடிக்கையாளர் இடத்தில்தான் முதன்முதலில் தெரியவரும். கெர்னலுக்கு அனுப்பும் வரியில் ரூட் வட்டாக 'விடிஏ'வையும், கன்சோலாக 'டிடிஒய்ஏஎம்ஏ0'வையும் குறிப்பிட்டு, 'நோகிராஃபிக்' விருப்பத்தைச் சேர்த்தால் சீரியல் கன்சோல் உங்கள் டெர்மினலிலேயே திறக்கும். வெளியேறுவதற்குக் கன்ட்ரோலும் ஏ விசையும் அழுத்திவிட்டு எக்ஸ் அழுத்த வேண்டும்.

பூட் பாதியில் நின்றால் கடைசி வரிகளை நிதானமாகப் படியுங்கள். ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்னும் பேனிக் செய்தியோடு (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நிற்பதே பேனிக்), கெர்னல் கண்ட வட்டுகளின் பட்டியலில் விடிஏ இல்லாமல் இருந்தால் விர்ட்ஐஓ டிரைவர் கெர்னலுக்குள் சேரவில்லை என்று பொருள். பட்டியலில் விடிஏ இருந்தால் ரூட் வட்டின் பெயரையோ ஃபைல்சிஸ்டம் வகையையோ சரிபார்க்க வேண்டும். எல்லாச் சேவைகளும் தொடங்கியும் லாகின் கேட்காவிட்டால், லாகின் கேட்கும் நிரலான கெட்டி வேறு சீரியல் முனையில் காத்துக்கொண்டிருக்கிறது.

நெட்வொர்க்கிற்குக் கியூஎமுவின் யூசர் முறையே போதும். அதில் இமேஜுக்கு 10.0.2.15 என்ற முகவரியும், உங்கள் கணினிக்கு 10.0.2.2 என்ற முகவரியும் அமையும். பிங் பெரும்பாலும் பதில் தராது. அதைக் கண்டு நெட்வொர்க் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். கணினியின் 2222ஆம் போர்ட்டை இமேஜின் 22ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால் தொலை லாகின் முறையான எஸ்எஸ்எச் வழியே உள்ளே செல்லலாம். சாதாரணச் சோதனைகளுக்கு 'ஸ்னாப்ஷாட்' விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டால், இமேஜில் நேரும் மாற்றங்கள் எல்லாம் வெளியேறும்போது மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புத்தம்புதிய இமேஜிலிருந்தே தொடங்கலாம்.

எமுலேட்டரின் முழு மதிப்பை நான் அறிந்தது அப்டேட் சோதனையில். முன்பு ஒருமுறை, சரக்கு அனுப்புவதற்கு முதல்நாள் மாலை, அப்டேட் நடந்துகொண்டிருந்தபோது கூடத்தில் மின்சாரம் போய் எங்கள் இரண்டு போர்டுகளும் பூட் ஆகாமல் நின்றன. பிழை நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட்டில் இருந்தது: வட்டின் புதிய பகுதியில் எழுதியவை பதிந்தனவா என்று பார்க்குமுன்பே, எந்தப் பகுதியிலிருந்து பூட் ஆவது என்று பூட்லோடருக்குச் (கெர்னலை ஏற்றிவைக்கும் நிரலுக்குச்) சொல்லும் மாறியை அது மாற்றிவிட்டது. போர்டில் இதை நூறு முறை சோதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. எமுலேட்டரில் ஓர் இரவிலேயே முடிந்துவிடும்.

அதற்கு யூ-பூட் என்னும் பூட்லோடரை அதன் 'கியூஎமு ஆர்ம்64' அமைப்பில் கட்டி, 'பயாஸ்' விருப்பத்தின் வழியே கொடுக்க வேண்டும். யூ-பூட்டின் மாறிகள் அடுத்த பூட்டிலும் நிலைத்திருக்க, 64 எம்பி அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, இரண்டாவது பிஃப்ளாஷ் வட்டாக (ஃப்ளாஷ் சில்லைப் போல் தோன்றும் வட்டாக) இணையுங்கள். வட்டு இமேஜில் ஏ, பி என இரண்டு ரூட் பகுதிகள் இருக்கட்டும்; ஒன்று ஓடும்போது மற்றதில் அப்டேட் எழுதப்படும். அப்டேட்டைத் தொடங்கிவைத்து, ஏதோ ஒரு நொடியில் கியூஎமுவைக் 'கில் மைனஸ் 9' கொண்டு நிறுத்தி, மீண்டும் ஓட்டி, ஏதாவது ஒரு பகுதியிலிருந்து பூட் ஆகி வருகிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிச் சுழலவிடுங்கள். இங்கு ஸ்னாப்ஷாட் கூடாது. மாற்றங்கள் நிலைத்திருந்தால்தான் சோதனைக்கே பொருள் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் இமேஜையும் பிஃப்ளாஷ் கோப்பையும் புதிதாகப் பிரதியெடுத்துக்கொண்டால் போதும். ஒரு வரம்பை மட்டும் நினைவில் வையுங்கள்: கியூஎமு வட்டில் எழுதியவை உங்கள் கணினியின் நினைவகத்தில் தங்கிப் பிழைத்துவிடும் என்பதால், ஃப்ளாஷ் சில்லின் உள்ளேயே பாதி எழுதப்பட்டு அழியும் தரவை இந்தச் சோதனை காட்டாது. எனவே ஸ்கிரிப்ட் தேறிய பிறகு, போர்டில் உண்மையான மின்துண்டிப்பைச் சில முறையாவது செய்துபார்த்தே தீர வேண்டும்.

கடிகாரமும் கவனிக்கத்தக்கது. கியூஎமு உங்கள் கணினியின் நேரத்தை இமேஜுக்குக் கொடுத்துவிடுகிறது. கடிகார பேட்டரி இல்லாத போர்டோ 1970இலிருந்தோ, இமேஜ் கட்டப்பட்ட நாளிலிருந்தோ எழுகிறது. எமுலேட்டரில் சர்வரோடு சரியாக இணைந்த இமேஜ், போர்டில் சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இணைய மறுப்பது இதனால்தான். 'ஆர்டிசி' விருப்பத்தில் தொடக்க நாளை 2000 ஜனவரி 1 என்று கொடுத்து ஓட்டினால் இந்தப் பிழை மேசையிலேயே அகப்படும்.

வேகத்தைப் பற்றிய எந்த அளவையும் எமுலேட்டரில் எடுக்காதீர்கள். கடிகாரச் சுற்றுகளை அது எண்ணிப் பின்பற்றுவதில்லை, கேஷையும் அது உருவாக்கிக் காட்டுவதில்லை. வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ, ஜிபிஐஓ என்னும் பொது முனைகள், மின்சேமிப்பு, சென்சார் ஆகியவை போர்டுக்கே உரியவை.

இவற்றையெல்லாம் கையால் செய்துகொண்டிருந்தால் இரண்டே வாரத்தில் விட்டுவிடுவோம். ஒவ்வொரு கட்டுமானம் முடிந்ததும் தானாக ஓடும்படி அமைத்துவிடுங்கள். கெர்னல் வரியில் 'பேனிக்' மதிப்பை மைனஸ் 1 ஆக்கி, 'நோ-ரீபூட்' விருப்பத்தையும் சேர்த்தால், பேனிக் நேர்ந்ததும் கியூஎமு தொங்கிக்கொண்டிராமல் முடிந்துவிடும். ஆனால் அப்போதும் அது வெற்றி என்றே குறியீடு தரக்கூடும் என்பதால், சீரியல் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, உங்கள் செயலி தயாரானதும் எழுதும் வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். மொத்த ஓட்டத்துக்கும் ஐந்து நிமிடக் காலவரம்பு வையுங்கள். அந்த வரி கிடைத்த இமேஜை மட்டுமே எஸ்டி கார்டில் எழுதிப் போர்டுக்குக் கொண்டு போகலாம் என்பது இப்போது எங்கள் கூடத்தின் வழக்கம்.