கூட்டு ஊழியத்தில் உரசல் வந்தால்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை

ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) என எதில் சேர்ந்தாலும் கொஞ்ச நாளில் யாரோடாவது உரசல் வரும். "ஆவிக்குரியவர்களுக்குள் சண்டையா?" என்று அதிர்ந்துபோக வேண்டாம். எருசலேம் சபையிலேயே விதவைகளின் அன்றாட விசாரிப்பில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுந்தது (அப்போஸ்தலர் 6). அப்போஸ்தலர்கள் யாருடைய ஆவிக்குரிய நிலையையும் ஆராயவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி வேலையை ஒப்படைத்தார்கள். நம் சபைகளில் இது தலைகீழ். பீரோ சாவி யாரிடம் இருப்பது என்று தொடங்கிய தகராறு, இரண்டே வாரத்தில் "அவருக்குள் பெருமையின் ஆவி இருக்கிறது" என்பதில் வந்து நிற்கும்.

படி 1: நடந்ததை ஒரே வரியில் எழுதுங்கள்

"அக்கா யாரையும் மதிக்கிறதில்லை" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "கைவேலைப் பொருளுக்கு 3,000 ரூபாய் என்று பேசியிருந்தோம், அக்கா கேட்காமல் 5,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டார்" என்பதுதான் நடந்தது. எழுதிப் பார்க்கும்போதே பாதி விஷயம் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். அப்படியானால் அங்கேயே விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்தால் அது கருத்து வேறுபாடு அல்ல, குற்றம். தனியாகப் பேசித் தீர்ப்பதற்கோ சபைக்குள் மூடி வைப்பதற்கோ இடமே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

படி 2: ஜெபக் குறிப்பாக வெளியே விடாதீர்கள்

"பிரதர், ஒரு விஷயத்துக்காக பாரத்தோடு ஜெபிச்சுக்கோங்க, பெயர் சொல்ல விரும்பல..." என்று தொடங்கும் பேச்சு நமக்குத் தெரியாததா! பெயர் சொல்லாவிட்டாலும் கேட்பவருக்கு ஆள் யாரென்று புரியும். மறுநாள் அது சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகும்போது மூன்று மடங்காகி இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடுவதுபோல வசனம் போட்டுக் குத்துவதும் இதே வகைதான். ஜெபியுங்கள், தனியாக ஜெபியுங்கள்.

படி 3: நேரில், தனியாகப் பேசுங்கள்

மத்தேயு 18:15 சொல்வது "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று. நடைமுறையில் நாம் அதிகம் தாண்டிப்போகிற படி இதுதான். நேரே ஐயரிடமோ (போதகரிடமோ) பாஸ்டர் அம்மாவிடமோ போய்விடுகிறோம்.

ஆராதனை முடிந்த கையோடு போகாதீர்கள். அப்போது எல்லாரும் களைத்துப்போய் இருப்பார்கள், சுற்றிலும் ஆட்களும் இருப்பார்கள். "அக்கா, சாயங்காலம் பத்து நிமிஷம் பேசலாமா? விபிஎஸ் செலவு விஷயம்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விஷயத்தைச் சொல்லாமல் "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் சொன்னால் அவர் பகல் முழுக்கப் பயந்துகொண்டோ, சண்டைக்குத் தயாராகிக்கொண்டோ இருப்பார்.

பேச ஆரம்பித்ததும் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, கேள்வியில் நிறுத்துங்கள்: "3,000 என்று பேசியிருந்தோமே அக்கா, 5,200 ஆகிவிட்டது. என்ன நடந்தது?" அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இந்த முறை பிள்ளைகள் கூடுதலாகப் பெயர் கொடுத்திருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். வயதில் மூத்தவரானால் "நீங்க செஞ்சது தப்பு" என்று தொடங்காமல், "எனக்குக் கணக்கு ஒப்படைக்கக் கஷ்டமா இருக்கு" என்று உங்கள் பக்கத்துச் சிரமத்தைச் சொல்லலாம். இது நழுவல் இல்லை. விஷயம் அப்படியேதான் இருக்கிறது, வாசல் மட்டும்தான் வேறு.

இரண்டு பக்கத்திலும் சொல்லக்கூடாத ஒரு வாக்கியம் உண்டு: "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்." செலவுக் கணக்கிலும் பாட்டுப் பயிற்சி நேரத்திலும் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பதில் பேச வழியே இல்லை. அவர் யாரோடு வாதாடுவார்? எதிர்த்தரப்பு இப்படிச் சொன்னால் மறுக்க வேண்டாம். "சரி அண்ணே, அதைச் செய்ய ஆள், நேரம், பணம் எப்படி என்று பார்ப்போமா?" என்று வேலைக்குத் திருப்புங்கள்.

முடிவு எதுவானாலும் அன்றே ஒரு குறுஞ்செய்தியாக அவருக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள்: "இனி 500 ரூபாய்க்கு மேல் போனால் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறோம்." ஞாபகத்தை நம்பினால் அடுத்த மாதம் இதே சண்டை திரும்பி வரும்.

படி 4: தீரவில்லையா, ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்

உங்களுக்குச் சார்பானவரை அல்ல, இருவரும் மதிக்கிற ஒருவரை. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்கு ஒத்துப்போகாதபோது பவுல் "புத்திசொல்லுகிறேன்" என்பதை இருவருக்கும் தனித்தனியே எழுதுகிறார்; தவறு யார்மேல் என்று ஒரு வார்த்தை இல்லை. கூட இருந்த ஒருவரை அவர்களுக்கு உதவச் சொல்கிறார். அதன் பிறகுதான் போதகர், கமிட்டி எல்லாம்.

இந்த அளவுக்கு வராமல் தடுக்க ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. 1800-இல் வங்காளத்தின் செராம்பூரில் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு முதலான மிஷனரிகள் குடும்பங்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தபோது, சனிக்கிழமை மாலையைத் தங்களுக்குள் வந்த வேறுபாடுகளைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்த இளைய மிஷனரிகளோடு அவர்களுக்குப் பிளவு வந்தது, அது வேறு கதை. ஆனாலும் ஞாயிறுக்கு முந்தின நாள் என்பது நல்ல யோசனை. உங்கள் ஆசிரியர் கூட்டத்திலும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கு வைக்கலாம்.

படி 5: பிரிவதானால்

சில நேரம் இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே இருக்கும். முந்தின ஊழியப் பயணத்தில் பெர்கே என்ற ஊரிலிருந்து பாதியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடி கூட்டிப்போவதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டது. பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா பக்கம் போனார். மாற்கு பர்னபாவின் உறவினர் என்பதையும் மறக்க வேண்டாம். நம் ஊர்ச் சபைகளில் பாதித் தகராறுக்குப் பின்னால் இப்படி ஒரு சொந்தம் இருக்கும். பிறகு பவுலே, மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

ஆகவே வேறு குழுவுக்குப் போவது தோல்வி இல்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், பீரோ சாவி, ரசீதுகளோடு கணக்கு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் கேட்டால் "இனி அந்த அக்கா உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாங்க" என்பது போதும், காரணம் அவர்களுக்குத் தேவையில்லை.