ஒரே எடையில் ஸ்பிரிங்கை அளக்காதீர்கள்

போன வாரம் ஆய்வகத்தில் இரண்டு பையன்களுக்குள் சண்டை. ஒரே ஸ்பிரிங். ஒருவனுக்கு அதன் மாறிலி (அதாவது விறைப்பு: ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பது) மீட்டருக்கு 50 நியூட்டன், இன்னொருவனுக்கு 30. ஸ்கேலை இருவரும் சரியாகத்தான் பார்த்திருந்தார்கள். விடையோ இரண்டுமே தப்பு. எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

கிராமை நியூட்டனாக மாற்ற மறப்பது, நீட்சிக்குப் பதில் முழு நீளத்தைப் போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு முறை மதிப்பெண் போனால் தானாகச் சரியாகிவிடும்.

ஒரு எடை, ஒரு வகுத்தல்

முதலாமவன் 100 கிராம் மாட்டினான். அதாவது சுமார் 1 நியூட்டன்; நீட்சி 2 செ.மீ. அடுத்தவன் 300 கிராம் மாட்டினான். நீட்சி 10 செ.மீ. இருவரும் விசையை நீட்சியால் வகுத்தார்கள். ஹூக் விதி அப்படித்தானே சொல்கிறது?

சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இழுவை ஸ்பிரிங்கில் அது அப்படியே பொருந்தாது. சுற்றும்போதே கம்பியில் ஓர் இறுக்கம் ஏற்றப்படுகிறது. பட்டறையில் இதை ‘இனிஷியல் டென்ஷன்’ என்பார்கள். அந்த இறுக்கத்தைத் தாண்டும்வரை சுற்றுகள் பிரியவே பிரியாது. இந்த ஸ்பிரிங்கில் அது அரை நியூட்டன். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: 0.5 நியூட்டனுக்கு 2 செ.மீ., 2.5 நியூட்டனுக்கு 10 செ.மீ. இரண்டிலும் வருவது 25.

“நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு” என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளிப்படையாக எழுதினார். (1676இல் அதையே எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டிருந்தார். யாராவது திருடிவிடுவார்களோ என்று அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு அவ்வளவு சந்தேகம்!) முன்கூட்டியே இறுக்கம் ஏறிய ஸ்பிரிங்கில் அந்த விகிதம் கூடுதல் விசைக்கும் கூடுதல் நீட்சிக்கும் இடையில்தான் நிற்கும்.

எனக்கு இது காசு போய்த்தான் புரிந்தது. ஒரு மிதி இயந்திரத்தின் பெடலை மேலே இழுக்க ஸ்பிரிங் வேண்டியிருந்தது. பழைய ஸ்பிரிங்கில் 3 கிலோ தொங்கவிட்டேன், 4 செ.மீ. நீண்டது. 30 நியூட்டனை 4ஆல் வகுத்து, செ.மீ.க்கு 7.5 என்று எழுதிக்கொடுத்து 40 ஸ்பிரிங் செய்யச் சொன்னேன். பட்டறைக்காரர் கேட்டபடியே செய்தார், வழக்கமான 10 நியூட்டன் இறுக்கத்தோடு. பழையதிலும் அதே 10 இருந்தது. அதன் உண்மையான விறைப்பு செ.மீ.க்கு 5தான். புதியது 4 செ.மீ.யில் 40 நியூட்டன் இழுத்தது. நாள் முழுக்க மிதிப்பவர் காலுக்கு அது தாங்குமா? நாற்பதும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

ஐந்தாறு எடைகள் மாட்டுங்கள். விசையை நிமிர்ந்த அச்சிலும் நீட்சியைக் கிடை அச்சிலும் குறித்துக் கோடு போடுங்கள். சாய்வுதான் மாறிலி. கோடு விசை அச்சை வெட்டும் இடம் அந்த ஆரம்ப இறுக்கம். கோட்டை வலுக்கட்டாயமாகப் பூஜ்ஜியத்துக்கு இழுக்காதீர்கள்.

பாதியாக வெட்டினால் பாதி விறைப்பா?

இல்லை, இரட்டிப்பு.

“கம்பி கொஞ்சம்தான் தடிமன்”

விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 1 மி.மீ. இடத்தில் 1.2 மி.மீ. போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டும்.

கையால் இழுத்துப் பார்ப்பது

கையால் இழுத்து விட்டதும், அல்லது எடையை எடுத்ததும், ஸ்பிரிங்கின் முனை பழைய இடத்துக்கு வரவில்லையா? மீட்சி எல்லை, அதாவது இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் வரம்பு, தாண்டிவிட்டது. அந்த ஸ்பிரிங்கைக் குப்பையில் போடுங்கள். சத்தமில்லாமல் பெட்டியில் திருப்பி வைக்காதீர்கள். அடுத்து எடுப்பவன் என்னிடம்தான் வந்து நிற்கிறான்.