அரசு வழக்கறிஞர் மேல் நஷ்டஈடு வழக்கா? தள்ளுபடி ஆக வைக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் எழுதிய மனுவைப் படித்தேன். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில், இரண்டு அரசு வழக்கறிஞர்கள் மேலும் ஒரு போலீஸ் அதிகாரி மேலும் 1983-ஆம் பிரிவின் கீழ் (மாநில அதிகாரிகள் உரிமையை மீறினால் வழக்குப் போட வழி தரும் சட்டப் பிரிவு) நஷ்டஈடு கேட்கும் வழக்கு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறுகள் அப்படியே இருந்தன. பெயர்ப் பிழை, விடுபட்ட இணைப்பு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை வழக்கைக் கொல்வதில்லை.

"பிரதிவாதிகள் சேர்ந்து" என்று எழுதுவது

இந்த இரண்டு சொற்களைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. "பிரதிவாதிகள் சேர்ந்து பொய்ச் சாட்சியை உருவாக்கினார்கள்" என்று நானும் எழுதியிருக்கிறேன். நீதிபதி கேட்டார்: "மூவரில் யார்? எப்போது?" மனுவில் பதில் இல்லை. ஆனால் என் குறிப்பேட்டில் இருந்தது. கைதுக்கு முன்பே, ஒரு அரசு வழக்கறிஞர் போலீசோடு உட்கார்ந்து சாட்சிக்குப் பொய் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை எழுதியிருந்தால் அவர் மேலான வழக்காவது நின்றிருக்க வாய்ப்புண்டு.

நீதிமன்றம் பதவியைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கிறது. குற்ற வழக்கைத் தொடுப்பது, நீதிமன்றத்தில் நடத்துவது இரண்டுக்கும் அரசு வழக்கறிஞருக்கு நஷ்டஈடு வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு உண்டு என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1976 இம்ப்ளர் தீர்ப்பு. மனதில் வன்மம் இருந்தாலும் அப்படித்தான். அதனால் "வன்மத்தோடு வழக்குப் போட்டார்" என்று பத்துப் பக்கம் எழுதியும் பயனில்லை. ஆனால் கைது செய்யப் போதிய காரணம் கிடைக்கும் முன் துப்பறியும் வேலையில் இறங்கினால், போலீசுக்கு உள்ள அளவான பாதுகாப்புதான் (பக்லி, 1993). தானே சாட்சி போல விவரங்களுக்குச் சத்தியம் செய்து கையெழுத்திட்டாலும் முழுப் பாதுகாப்பு போய்விடும் (கலினா, 1997). ஆளுக்கு ஒரு பத்தி, தேதியோடு எழுதுங்கள்.

எதிர்த்தரப்பு தள்ளுபடி கேட்டு மனு கொடுத்ததும், அனுமதி கேட்காமலே திருத்த 21 நாள் கிடைக்கும். நான் அந்த நாட்களைப் பதிலுரை எழுதிக் கழித்தேன். என் கட்சிக்காரர் பல மாதம் உள்ளே இருந்தவர். அவருக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

விடுதலை ஆகட்டும் என்று காத்திருப்பது

வாரண்ட் இல்லாத தவறான கைதுக்கு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய நாளிலிருந்தே நஷ்டஈடு வழக்குப் போடும் கெடு ஓடத் தொடங்கிவிடும் (வாலஸ், 2007). கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கென்டக்கியில் 1 ஆண்டு, கலிபோர்னியாவில் 2, நியூயார்க்கில் 3. முதலில் தாக்கல் செய்யுங்கள். அப்புறம், குற்ற வழக்கு முடியும்வரை நஷ்டஈடு வழக்கை நிறுத்திவைக்கக் கேளுங்கள். பொய் வழக்குப் போட்டதற்கான நஷ்டஈட்டுக்குக் கணக்கு வேறு: குற்ற வழக்கு தண்டனை இல்லாமல் முடிந்திருக்க வேண்டும். நிரபராதி என்று தீர்ப்பே வர வேண்டியதில்லை என்று 2022-இல் தாம்ப்சன் வழக்கில் தெளிவாகிவிட்டது.

தண்டனை நிற்கும்போதே அதைத் தாக்குவது

வென்றால் தண்டனையே தவறு என்று ஆகிவிடும் வழக்கில், தண்டனை ரத்தாகும்வரை நஷ்டஈடு கேட்க முடியாது. ஹெக், 1994.

சாட்சிக் கூண்டில் சொன்ன பொய்க்காக நஷ்டஈடு வழக்குப் போடுவது

போலீஸ் சாட்சிக்கும் அங்கே முழுப் பாதுகாப்பு.

தள்ளுபடி உத்தரவைப் பாதியில் மூடிவைப்பது

மறுபடி தாக்கல் செய்யலாமா என்பது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். அப்பீலுக்கு 30 நாள்.