போனைத் திருப்பினா டைப் பண்ணதெல்லாம் காணாம போகுதா? ஆண்ட்ராய்டுல இப்படி சரி பண்ணுங்க

நீங்க எழுதற ஆப்புல ஃபார்ம் பாதி நிரப்பியாச்சு, போனைப் படுக்கவாட்டுல திருப்பினா எல்லாம் முதல்லேர்ந்து. இது பக் இல்லீங்க, ஆண்ட்ராய்டு வேலை செய்யற விதமே இதுதான். திருப்பினதும் இருக்கற ஆக்டிவிட்டியை (ஆப்போட ஒரு ஸ்க்ரீன்) அழிச்சிட்டு புதுசா ஒண்ணை உருவாக்கும், லேண்ட்ஸ்கேப்புக்குன்னு தனி லேஅவுட் வெச்சிருந்தா அதை எடுக்கணும்ல, அதுக்குத்தான். ஆக்டிவிட்டி கிளாஸ்ல நீங்க போட்டு வெச்ச வேரியபிள் எல்லாம் பழசோடவே போயிடும்.

தேடினா எல்லாரும் சொல்ற குறுக்குவழி, மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட அமைப்பைச் சொல்ற ஃபைல்) கான்ஃபிக் சேஞ்சஸ்ல ஓரியன்டேஷன்னு போடுறது. அது மட்டும் போட்டா வேலையே செய்யாது, ஏபிஐ 13லேர்ந்து (ஆண்ட்ராய்டு 3.2) திருப்பினா ஸ்க்ரீன் சைஸும் மாறுச்சுன்னு கணக்கு, அதனால ஸ்க்ரீன்சைஸும் சேர்த்துப் போடணும். போட்டாலும் யூசர் மொழியை மாத்தினா, டார்க் மோடுக்குப் போனா பழைய கதைதான். வீடியோ ப்ளேயர், கேம் தவிர வேற எதுக்கும் நான் இதைத் தொடமாட்டேன். போர்ட்ரெய்ட்ல லாக் பண்ணிடலாம்னு நினைக்காதீங்க, ஆண்ட்ராய்டு 16ஐ டார்கெட் பண்ற ஆப்புக்கு 600 டிபி (ஸ்க்ரீன் அளவைச் சொல்ற யூனிட்), அதுக்கு மேல இருக்கற பெரிய ஸ்க்ரீன்ல சிஸ்டம் அந்த லாக்கைக் கண்டுக்கவே கண்டுக்காது (கேம்ஸுக்கு விலக்கு உண்டு).

ஸ்டெப் 1: எடிட்டெக்ஸ்ட் (டைப் பண்ற பெட்டி) எல்லாத்துக்கும் ஐடி இருக்கான்னு பாருங்க. ஐடி இருந்தா உள்ள டைப் பண்ணதை சிஸ்டமே சேவ் பண்ணித் திருப்பிக் கொடுக்கும், இல்லைன்னா கொடுக்காது. பாதிப் பேரோட பிரச்சினை இதோட முடிஞ்சிரும்.

ஸ்டெப் 2: ஸ்கோர், நெட்லேர்ந்து வந்த லிஸ்ட் மாதிரி டேட்டாவை வியூமாடலுக்கு (ஸ்க்ரீனோட டேட்டாவைத் தனியா வெச்சிருக்கற கிளாஸ்) மாத்துங்க. கன்ஸ்ட்ரக்டரை நேரடியாக் கூப்பிடாம பை வியூமாடல்ஸ்னு (by viewModels()) டெலிகேட் போட்டு வாங்குங்க, அப்பதான் திருப்பினப்புறமும் அதே ஆப்ஜெக்ட் கைக்கு வரும். உள்ள ஆக்டிவிட்டி கான்டெக்ஸ்ட், பட்டன், டெக்ஸ்ட்வியூ எதையும் பிடிச்சு வெக்காதீங்க, மெமரி லீக் ஆகும்.

ஸ்டெப் 3: ஃப்ராக்மென்ட் (ஆக்டிவிட்டிக்குள்ள வர்ற ஸ்க்ரீனோட ஒரு பகுதி). என்னை ரொம்ப சுத்த விட்டது இதுதான். போனைத் திருப்பத் திருப்ப லிஸ்ட்ல இருக்கற எழுத்து லேசா தடிச்சிக்கிட்டே போகுது, ஃபான்ட்டுல ஏதோ கோளாறுன்னு தீம் ஃபைலை எல்லாம் நோண்டிட்டு இருந்தேன். அப்புறம் லிஸ்ட்டை ஸ்க்ரோல் பண்ணா மேல இருக்கறது நகருது, அதுக்கு அடியில இன்னொரு லிஸ்ட் அப்படியே நிக்குது! விஷயம் என்னன்னா, சூப்பர் ஆன்க்ரியேட் கூப்பிடும்போதே ஃப்ராக்மென்ட் மேனேஜர் பழைய ஃப்ராக்மென்ட்டைத் திரும்பக் கொண்டு வந்துடும், அதுக்கு அடுத்த வரியில நம்ம கோடு ஆட் போட்டு இன்னொண்ணை மேல ஒட்டுது, பேக்ரவுண்ட் கலர் இல்லாததால ரெண்டும் சேர்ந்து தெரியுது. ஆட் பண்ற வரியை சேவ்டு இன்ஸ்டன்ஸ் ஸ்டேட் null-ஆ (காலியா) இருந்தா மட்டும்னு ஒரு இஃப் உள்ள போடுங்க, அவ்ளோதான். ஆட்டுக்குப் பதிலா ரீப்ளேஸ் போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, ரெட்டையா தெரியாது சரி, ஆனா வர்றது புது ஃப்ராக்மென்ட், ஸ்க்ரோல் பண்ணி வெச்ச இடம் போச்சு.

டெஸ்ட் பண்ண எமுலேட்டரே போதும், கன்ட்ரோல் கீயோட இடது, வலது ஆரோ அழுத்தினா திரும்பும். மேக்ல கமாண்ட் கீ.

அப்டேட்: "வியூமாடல் போட்டும் டேட்டா போகுது"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. திருப்புறதுக்கு வியூமாடல் தாங்கும், பேக்ரவுண்ட்ல இருக்கும்போது மெமரி பத்தலைன்னு சிஸ்டம் ப்ராசஸையே கொன்னா தாங்காது. அதுக்கு சேவ்டு ஸ்டேட் ஹேண்டில் இருக்கு, ப்ராசஸ் போனாலும் சின்ன டேட்டாவைக் காப்பாத்தற பெட்டி. ஐடி, தேடின வார்த்தை மாதிரி சின்னதை மட்டும் அதுல வைங்க, பிட்மேப்பைத் திணிச்சா ட்ரான்சாக்ஷன் டூ லார்ஜ்னு க்ராஷ் ஆகும், பைண்டர் (ஆப்புக்கும் சிஸ்டத்துக்கும் நடுவுல டேட்டா கடத்தற வழி) பஃபரே மொத்த ப்ராசஸுக்கும் சேர்த்து 1 எம்பிதான். இதை டெஸ்ட் பண்ண ஹோம் பட்டன் அழுத்திட்டு ஏடிபி ஷெல்லுல (கம்ப்யூட்டர்லேர்ந்து போனுக்கு கமாண்ட் கொடுக்கற இடம்) ஏஎம் கில் போட்டு பேக்கேஜ் பேரைக் கொடுங்க, அப்புறம் ரீசன்ட்ஸ்லேர்ந்து திறங்க. ரீசன்ட்ஸ்ல ஸ்வைப் பண்ணித் தள்ளிட்டு டெஸ்ட் பண்ணா கணக்குல வராது, அப்ப சேவ் பண்ணதும் சேர்ந்தே போயிடும்.

கம்போஸ்ல (XML லேஅவுட் இல்லாம கோட்லயே ஸ்க்ரீன் எழுதற முறை) எழுதறவங்க வெறும் ரிமெம்பரை ரிமெம்பர் சேவபிள்னு மாத்திக்கோங்க. டயலாக் திறந்திருக்கும்போது திருப்பினா லாக்கேட்ல (ஆப்போட லாக் மெசேஜ் வர்ற இடம்) விண்டோ லீக்டுன்னு சிவப்பா வருதா, அந்த டயலாக்கை டயலாக் ஃப்ராக்மென்ட்டுக்குள்ள போட்டுடுங்க.