ஸ்கை என்றால் ஆகாய நீலம் அல்ல: போர் விமான மாடல்களுக்கு நிறம் தேர்வதில் நேரும் தவறுகள்

நான் முதன்முதலில் ஒட்டி முடித்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமான மாடலின் அடிவயிறு பள்ளிச் சீருடைச் சட்டை மாதிரி இளநீலமாக இருந்தது. கிட்டோடு வந்த குறிப்புத்தாளில் அடிப்பகுதிக்கு 'ஸ்கை' என்று போட்டிருந்தது. வானம் நீலம்தானே என்று கையில் இருந்த நீலத்தை அடித்துவிட்டேன். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்கை நீலமே கிடையாது. வெள்ளரிப்பிஞ்சை நறுக்கினால் தோலுக்குச் சற்று உள்ளே ஒரு வெளிறிய பச்சை தெரியுமே, அதில் துளி சாம்பலைக் கலந்த மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் சிட்னி காட்டன் என்பவர் நடத்திய புகைப்பட உளவுப் பிரிவு பயன்படுத்திய ஒரு வெளிர்பச்சையிலிருந்து வந்த நிறம் அது. பழைய தாள்களில் 'ஸ்கை டைப் எஸ்' என்று பார்த்துவிட்டு, அது தனியொரு நிறம் என்று தேடி அலைபவர்களும் உண்டு. அந்த எஸ் வழவழப்பான பூச்சு வகையைக் குறிக்கிறது. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயரை நம்பி ஏமாறுவது இந்தப் பொழுதுபோக்கில் முதல் படி. 'நைட்' என்ற பிரிட்டிஷ் நிறமும் அப்படித்தான். கரியோடு அல்ட்ராமரீன் நீலம் சேர்த்துச் செய்த கருமை அது. பாட்டிலில் வரும் சுத்தக் கறுப்பை அப்படியே அடித்தால், சின்ன மாடலில் அந்த இடம் ஓட்டை விழுந்ததுபோலத் தெரியும்.

விமானத்தின் பெயர் போதாது, மாதம் வேண்டும்

'ஸ்பிட்ஃபயருக்கு என்ன கலர்?' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. 'எந்த ஸ்பிட்ஃபயர், எந்த மாதத்தில்?' என்றால் சொல்லலாம். 1940 தொடக்கத்தில் பறந்தவற்றுக்கு மேலே டார்க் எர்த் பழுப்பும் டார்க் கிரீனும். கீழே ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. அந்த ஆண்டு ஜூனில் அடிப்பகுதி முழுக்க ஸ்கை என்று உத்தரவு வந்தது. ஆனால் சொன்னவுடன் எல்லாப் படைத்தளத்துக்கும் டப்பா போய்ச் சேரவில்லை. கையில் இருந்த நீலத்தையும் பச்சையையும் கலந்து அடித்துச் சமாளித்தார்கள். ஆக, 1940 கோடையில் ஏதோ ஒரு ஸ்பிட்ஃபயரின் வயிறு உண்மையிலேயே நீலமாக இருந்திருக்கலாம். என் பழைய மாடலுக்கு நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது.

வால் பக்கம் உடலைச் சுற்றிய ஸ்கை பட்டையும், ஸ்கை நிறத்து மூக்குக் கூம்பும் 1940 நவம்பர் கடைசியில்தான் வந்தன. ஜெர்மன் விமானப்படையோடு பிரிட்டன் வானில் நடந்த 'பிரிட்டன் சண்டை' அக்டோபரோடு முடிந்துவிட்டது. 'பிரிட்டன் சண்டை ஸ்பிட்ஃபயர்' என்று பெயர் எழுதிவைத்து, வாலில் அந்தப் பட்டையோடு நிற்கும் மாடல்களுக்கு இன்றும் பஞ்சமில்லை.

அடுத்த பெரிய மாற்றம் 1941 ஆகஸ்டில். சண்டை பிரான்சின் மேலும் ஆங்கிலக் கால்வாயின் மேலும் உயரமான இடத்துக்குப் போய்விட்டதால் மண்ணின் பழுப்பு பயன்படவில்லை. பழுப்பு போய் ஓஷன் கிரே வந்தது, கீழே மீடியம் சீ கிரே. ஓஷன் கிரே போதுமான அளவு கிடைக்காத இடங்களில், மீடியம் சீ கிரே ஏழு பங்குக்கு நைட் ஒரு பங்கு கலந்து அடிக்கச் சொன்னார்கள். ஆகவே அந்த ஆண்டு இலையுதிர் காலத்து மாடலுக்கு 'சரியான' ஓஷன் கிரே பாட்டிலைத் தேடிப் பிடிப்பது வீண் வேலையாகவும் ஆகலாம். ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபைவ் இந்த மாற்றத்தின் இரண்டு பக்கமும் பறந்த விமானம். ஒரே பெட்டி, ஒரே பிளாஸ்டிக். ஜூலைக்குப் பழுப்பு, அக்டோபருக்குச் சாம்பல். முதலில் டீக்கலை, அதாவது மாடலில் ஒட்டும் எழுத்து, குறிகள் கொண்ட தாளைத் தேர்ந்துகொள்ளுங்கள், அந்த எழுத்தும் எண்ணும் கொண்ட விமானம் எப்போது பறந்தது என்று பாருங்கள், நிறம் அதற்குப் பிறகு. பலர் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

எண்ணைப் பிடித்துத் தொங்குவது

அமெரிக்க அரசின் நிற அட்டைத் தொகுப்பான ஃபெடரல் ஸ்டாண்டர்டின் எண்களை, அதாவது எஃப்.எஸ். எண்களை, வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 வெளிவந்தது 1956-ல். போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து! போர்க்கால நிறத்துக்கு எஃப்.எஸ். எண் சொல்கிறவர், பிற்கால அட்டைகளில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போவது எது என்று சொல்கிறார், அவ்வளவே. ஐந்து இலக்கத்தில் முதல் இலக்கம் பளபளப்பைக் காட்டுகிறது என்பதுகூடத் தெரியாமல், 1-ல் தொடங்குவதும் 3-ல் தொடங்குவதும் வேறு வேறு நிறம் என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மன் விமான அமைச்சகம் நிறங்களுக்குக் கொடுத்த ஆர்.எல்.எம். எண்கள் போர்க்காலத்தவைதான். ஆனாலும் 1944-லிருந்து அங்கேயும் தரை வழுக்குகிறது. 81, 82 என்ற புதிய நிறங்களை அறிவித்தபோது மாதிரி அட்டை தரப்படவில்லை. ஒரே 81-ஐ ஓர் ஆவணம் பழுப்பு ஊதா என்கிறது, இன்னொன்று ஆலிவ் பழுப்பு, மற்றொன்று கரும்பச்சை.  ஆகவே கடைசி வருட ஜெர்மன் விமானத்துக்கு 'இதுதான் சரியான 81' என்று எந்த பாட்டிலாவது உறுதி சொன்னால், நான் அதைப் பாதிதான் நம்புவேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் பார்ப்பது

படத்தில் கறுப்பாகத் தெரிகிறது, ஆகவே அது கறுப்பு என்ற முடிவு ஆபத்தானது. அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணில் படாது. சிவப்பு கறுப்பாகிவிடும், நீலம் வெளுத்துவிடும். பிரிட்டிஷ் விமானங்களின் அடையாளமான வட்டக்குறியின் வெளி வளையத்து மஞ்சள்கூட அதில் அடர்த்தியாக, சில படங்களில் வளையமே இல்லாததுபோல விழும். சிவப்பையும் உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிமில் அதே மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும். முதலில் தெரிந்த நிறம் ஒன்றைப் படத்துக்குள்ளேயே தேடுங்கள். வட்டக்குறியின் சிவப்பு, நீலம், மஞ்சள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்தால் ஃபிலிமின் குணம் பிடிபடும்; மற்றதை அதை வைத்து ஊகிக்கலாம். கணினியில் வண்ணமேற்றிய படங்களைச் சான்றாக எடுக்கவே கூடாது. ஏற்றியவருக்கும் இயந்திரத்துக்கும் தெரிந்தது நமக்குத் தெரிந்ததற்கு மேல் ஒன்றுமில்லை.

அருங்காட்சியக விமானமும் ஏமாற்றும். பெரும்பாலானவை மறுபடி, சில இரண்டு மூன்று முறை, பூசப்பட்டவை. அதன் முன்னால் நின்று எடுத்த கைப்பேசிப் படம், யாரோ பின்னாளில் கலந்த பெயின்டை அந்தக் கூடத்து விளக்கில் காட்டுகிறது.

ஜீரோவின் சாம்பல்

1942 ஏப்ரல் 5 காலையில் கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர் விமானங்கள் என்ன நிறம்? நம்மவர் பலருக்கு ஊர்ப் பாசத்தில் இதைக் கட்ட ஆசை. வெள்ளை என்று அடிப்பது பழைய தவறு. 'மாடல் 21' என்ற வகையைச் சேர்ந்த அந்த ஜீரோக்கள் ஆலிவ் சாயல் கொண்ட ஒரு வெதுவெதுப்பான சாம்பல். ஜப்பானியக் கடற்படை ஆவணம் ஒன்று அந்தச் சாம்பலில் லேசாக 'அமெய்ரோ' கலந்திருப்பதாகச் சொல்கிறது. அமே என்பது மாவுச்சத்தில் காய்ச்சும் பாகு மிட்டாய். அமெய்ரோ பாகின் நிறம். இந்தச் சொல் வெளியே தெரிந்ததும் அடுத்த தவறு பிறந்தது. விமானம் முழுவதையும் வெல்லப்பாகு நிறத்தில் முக்கி எடுக்கத் தொடங்கினார்கள். 'லேசாக' என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பூச்சு வெயிலிலும் உப்புக்காற்றிலும் பொடிந்து வெளுக்கும். பழைய டிஸ்டெம்பர் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே, அதே கதை. மேலே பொடிந்த இடம் நீலச் சாம்பலாகவும், தேய்த்துப் பார்த்தால் உள்ளே பழைய ஆலிவாகவும் இருக்கும். விழுந்த விமானத் துண்டுகளைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு நிறம் சொன்னதற்கு இது ஒரு காரணம். மிட்சுபிஷி செய்தவற்றின் எஞ்சின் மூடி நீலம் கலந்த கறுப்பு.

அன்று வந்த விமானந்தாங்கிகள் அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, ஸுய்காகு. பேர்ல் துறைமுகத்துக்குப் போன காகா இதில் வரவில்லை. எனவே காகாவின் இரட்டைச் சிவப்புப் பட்டை போட்ட ஜீரோவைக் கொழும்புக்கு அனுப்பாதீர்கள். எதிரே நின்ற பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்களுக்கு, சிவப்பை நீக்கி இரண்டு நீலத்தில் போட்ட தென்கிழக்கு ஆசிய வட்டக்குறியை ஒட்டுவதும் தவறு. அது பிந்திய காலத்துக்கு உரியது.

பிற்காலத்துப் பச்சை ஜீரோக்களில் தொழிற்சாலையைப் பாருங்கள். மொத்த ஜீரோக்களில் பாதிக்கு மேல் நகாஜிமா செய்தவை. அவற்றில் பச்சைக்கும் சாம்பலுக்கும் இடையிலான கோடு வால் பக்கம் மேல்நோக்கி வளைந்து ஏறும். மிட்சுபிஷியில் ஏறக்குறைய நேராகப் போகும். இன்னொன்று: அவோதாக்கே என்ற நீலப்பச்சை மினுக்கு, அலுமினியம் அரிக்காமல் இருக்கப் பூசிய ஒளி ஊடுருவும் அரக்கு. விமானி உட்காரும் அறைக்குள் அதைப் பூசாதீர்கள்.

வெள்ளையைக் கொட்டுவதும் டியூப்லைட்டும்

தூரத்தில் இருப்பது வெளிறித் தெரியும், ஆகவே சிறிய மாடலுக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் சுத்த வெள்ளையை ஊற்றினால் சிவப்பு ரோஜா நிறமாகும், டார்க் எர்த் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். பழுப்புக்கு மணல் நிறமும், பச்சைக்கு வெளிர்சாம்பலும் சேர்ப்பது என் வழக்கம். அசலில் 72-ல் ஒரு பங்கான 1/72 மாடலில் அதையும் சிறிதளவே சேர்ப்பேன், பெரிய 1/32-ல் தொடுவதில்லை.

ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு வைத்து வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அதே வேலை இங்கும் உண்டு. டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரண்டு பெயின்ட்கள் பகலில் ஒத்துப்போகாமல் போகலாம். மூடியின் நிறத்தையோ, ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்தையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடியில் பூசும் முதல் பூச்சான பிரைமர் எது, மேலே எந்த வார்னிஷ் என்பது இரண்டும் நிறத்தை நகர்த்தும். நான் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பிரைமர் முதல் மேட் வார்னிஷ் வரை எல்லாம் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஜன்னலோரத்தில் வைத்துப் பார்ப்பேன். காம்பில் கலவை விகிதத்தை பேனாவால் எழுதிவிடுவேன். அப்படிச் சேர்ந்த ஒரு ஷூ டப்பா நிறைய ஸ்பூன்களில் ஒன்றில் மட்டும் 'ஸ்கை, முதல் ஸ்பிட்ஃபயர்' என்று இருக்கிறது. இன்னும் அதே இளநீலம்.