படுக்கையறை மூலையில் ஓர் அலுவலகம்: அலங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தனி அறை வாய்ப்பதில்லை. சென்னை, கோவை ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சும் மூலைதான் கிடைக்கும். அதுவே போதும். நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு மேசை, நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கப் பின்னால் மூன்றடி. இவ்வளவு இடத்தில் பார்க்க லட்சணமாகவும் உடம்புக்குத் தொந்தரவில்லாமலும் ஓர் அலுவலகம் அமைத்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். ஆன்லைனில் பிடித்த மேசையை முதலில் ஆர்டர் போட்டுவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடாதீர்கள்.

1. வெயில் எங்கே விழுகிறது?

ஒரு விடுமுறை நாளில் காலை 10 மணி, மதியம் 1 மணி, மாலை 4 மணிக்கு அந்த மூலையைப் பாருங்கள். வெயில் விழும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுவதுதான் நல்லது. ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் அடிக்கும், வீடியோ காலில் முகம் கறுத்துத் தெரியும். எதிரில் இருந்தால் கண் கூசும். வலக்கையால் எழுதுபவர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் தாளில் விழாது.

மேற்குப் பார்த்த அறையில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. அதற்காக ஜன்னலுக்குக் கன்னங்கரேலென்று திரை போட்டால் பட்டப்பகலில் விளக்கெரிய வேண்டியிருக்கும். வெளிர் நிறத்தில் கொஞ்சம் கெட்டியான கைத்தறித் துணியே வெயிலைத் தணித்து வெளிச்சத்தை விடும்.

2. பிளக் பாயின்ட்

குறித்த இடத்துக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா, அது இன்வெர்ட்டர் லைனில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். கரண்ட் போனால் ஃபேன் ஓடும், ஆனால் வைஃபை ரவுட்டர் நின்றுபோகும் என்ற நிலை பல வீடுகளில் உண்டு. ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசையின் அடிப்பலகையில் ஸ்குரூ போட்டு மாட்டி, ஒயர்களை ஒரு காலோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பெருக்கித் துடைக்கும்போது எதுவும் இடறாது.

3. முதலில் நாற்காலி, அப்புறம் மேசை

பணத்தில் பெரும் பங்கை நாற்காலிக்கு ஒதுக்குங்கள். உயரம் கூட்டிக் குறைக்க வேண்டும், இடுப்புக்கு மேலே முதுகின் வளைவைத் தாங்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ரெக்சினைவிட வலை முதுகு மேல்.

நாற்காலி வந்ததும் பாதம் இரண்டும் தரையில் படிய உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கான மேசை உயரம் அதுதான். கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. ஒட்டியே இருக்கும். ஐந்தடி சொச்சம் உயரமுள்ள பெண்களுக்கு இது அதிகம், மாலைக்குள் தோள் கடுக்க ஆரம்பித்துவிடும். ஆசாரியிடம் செய்யக் கொடுத்தால் உங்கள் அளவையே சொல்லலாம். ஏற்கெனவே மேசை வாங்கிவிட்டீர்களா? நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்கு ஒரு மணையைப் போடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மணை இதற்குக் கச்சிதமாக அமையும்.

செய்யக் கொடுப்பவர்கள் மேற்பரப்புக்குப் பளபளப்பில்லாத மேட் மைக்கா கேளுங்கள். விளக்கொளி அதில் பட்டுக் கண்ணில் தெறிக்காது.

4. திரையும் விளக்கும்

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றித் தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டால் கழுத்து தப்பிக்கும். இரவு வேலைக்கு மேசை விளக்கு ஒன்று தேவை. 4000 கெல்வின் பல்பு வாங்குங்கள், அது நீலம் பாய்ந்த வெள்ளையாகவும் இருக்காது, மஞ்சளாகவும் இருக்காது.

5. இப்போது அலங்காரம்

சொந்த வீடென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் மாற்றுங்கள். 10 அடிக்கு 9 அடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க 2 லிட்டர் எமல்ஷன் போதும். வெளிறிய பச்சை, சந்தன நிறம் இரண்டும் கேமராவில் அழகாக விழும். ஆணியடிக்க வீட்டு ஓனர் விடமாட்டார் என்றால் தரையில் நிற்கும் ஆளுயர ஷெல்ஃப் ஒன்றே அந்தச் சுவரை நிறைத்துவிடும். அதில் கண்ணுக்கு நேரான தட்டில் மட்டும் புத்தகமும் ஒரு பித்தளைச் சாமானும் வையுங்கள். ஃபைல்கள் கீழ்த்தட்டுக்குப் போகட்டும்.

மொசைக், டைல்ஸ் தரையுள்ள அறையில் பேச்சு எதிரொலிக்கும். நாற்காலிக்குப் பின்னால் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள். கெட்டிப் பருத்தி என்பதால் எதிரொலி அடங்கும், அந்தப் பட்டைக் கோடுகளே அறைக்கு நிறமும் தந்துவிடும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் மட்டும் போடாதீர்கள், சுருண்டுகொள்ளும்.

செடிக்கு மணி பிளான்ட் சுலபம். பாட்டில் தண்ணீரில் வளர்த்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

6. கேமராவைத் திறந்து பாருங்கள்

ஃபேனைப் போட்டுவிட்டு, வழக்கமாக மீட்டிங் நடக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் வீடியோ பதிவு செய்யுங்கள். காற்றுச் சத்தம் மைக்கில் இரைகிறதா, கட்டிலின் மேல் குவிந்த துணி ஓரத்தில் தெரிகிறதா என்று பார்த்து, மேசையை ஓரடி நகர்த்த வேண்டுமானால் நகர்த்துங்கள். ஒயர் கட்டை அதற்குப் பிறகு இறுக்கினால் போதும்.